கவுன்டரில் நான் சொன்ன பொய்

எனக்கு வயது 43, மலேசியாவில் பட்டர்வொர்த். போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு மனைவியோடு இருந்தபோது, உச்சம் வந்த அதே நொடியில் பின்மண்டையில் கட்டையால் அடித்த மாதிரி வலி. கொஞ்சம் கொஞ்சமாக ஏறவில்லை, வரும்போதே முழுசாக வந்தது. கண் திறக்க முடியவில்லை, குமட்டியது. "ரெண்டு பனடோல் போட்டுப் படுத்தா சரியாயிடும்" என்றேன். அவள் கார் சாவியை எடுத்துவிட்டாள்.

அவசரப் பிரிவு கவுன்டரில் இருந்தது நம்ம தமிழ்ப் பெண், என் தங்கை வயது. "எப்ப ஆரம்பிச்சது அண்ணே?" நடந்ததைச் சொல்ல நா எழவில்லை. "காலையிலேர்ந்தே லேசா வலி" என்றேன். அவசரமில்லாதவர்கள் காத்திருக்கும் பச்சைப் பிரிவில் உட்கார வைத்தார்கள். இருபது நிமிடம் பொறுத்த என் மனைவி எழுந்து போய், குரலைத் தாழ்த்தி உள்ளதைச் சொன்னாள். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "எத்தனை மணிக்கு, அக்கா?" என்று மட்டும் கேட்டார். "பத்தே முக்கால்." குறித்துக்கொண்டு, சீக்கிரம் பார்க்க வேண்டியவர்களுக்கான மஞ்சள் பிரிவுக்கு உடனே மாற்றினார்.

இப்படித் திடீரென்று தாக்கும் வலி, மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதாலும் வரலாம் என்றார் டாக்டர். ஆறு மணி நேரத்துக்குள் சிடி ஸ்கேன் எடுத்தால் கசிவு பெரும்பாலும் தெரிந்துவிடும். நேரமானால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரலாம். என் "காலையிலேர்ந்தே" எதைக் கெடுத்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

கசிவு இல்லை. ரத்தக் குழாய்களையும் பார்த்த பிறகே, உடலுறவின்போது வரும் தலைவலி இது, ஆண்களுக்கு அதிகம் என்றார்கள். சில வாரம் விலகி இருக்கச் சொல்லி, மறுபடி வராமல் தடுக்க ப்ரோப்ரானோலோல் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அதன்பின் வரவில்லை.

பதில் (பெண், செந்தூல்): அண்ணி இருந்தது புண்ணியம் அண்ணே. எனக்கு உச்சம் வரும் நேரத்தில் விரல் நுனியும் உதட்டோரமும் மரமரக்கும். வேகமாக மூச்சு வாங்குவதால் அப்படி ஆகும், மூச்சு நிதானமானால் போய்விடும் என்றார் டாக்டர். ஆனால் ஒரு பக்கம் மட்டும் மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ 999 அடிக்கணும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பதில் (ஆண், 61): புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் தொடங்கியதிலிருந்து உச்சம் வருது, விந்து வரல. பயந்துபோய் மாத்திரையை நிறுத்திட்டேன்.

பதில் (பதிவை எழுதியவர்): ஐயா, அது அந்த மாத்திரையால் வருவதுதான், ஆபத்தில்லை. ஆனால் நீங்களாக நிறுத்தினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். நாளைக்கே டாக்டரிடம் போய், இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள்.