மாணவர் பேரவைத் தலைவியாகப் பெண்களுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

கேள்வி – மூன்றாமாண்டு மாணவி

வணக்கம். இருபாலரும் பயிலும் கல்லூரி ஒன்றில் இவ்வாண்டு பேரவைத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளேன். எனக்கு முன்பிருந்தவர்கள் மார்ச் 8 அன்று ஒரு பட்டிமன்றம் நடத்தியதோடு பெண்களுக்கான பணியை முடித்துக்கொண்டார்கள். சென்ற வாரம், சக மாணவன் ஒருவனின் தொல்லையால் வகுப்புக்கே வர அஞ்சும் முதலாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து அழுதபோது, அவளை யாரிடம் அழைத்துச் செல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அருகிலுள்ள குடியிருப்புப் பெண்களுக்கு நாப்கின் வழங்கும் திட்டமும் வைத்திருக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

மறுமொழி – சட்டம் கற்பிப்பவர்

அந்த முதலாண்டு மாணவியிடமிருந்தே தொடங்குங்கள். பணியிடத்தில் பெண்களின் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் 1997இல் வழங்கிய விசாகா தீர்ப்பைத் தொடர்ந்து 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் பெண் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இயங்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும்.

பலர் கவனிக்காத விதி ஒன்றுண்டு. வழக்கில் மாணவர்கள் சம்பந்தப்பட்டிருந்தால், இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து தேர்தல்வழி வந்த மூன்று மாணவர்கள் குழுவில் இடம்பெற வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்தத் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது என்று முதல்வரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். பேரவைத் தலைவி கேட்கும் அந்த ஒரு கடிதம், பத்து விழிப்புணர்வுப் பேரணிகளைவிட அதிகம் சாதிக்கும் என்பது என் எண்ணம்.

மறுமொழி – முன்னாள் பேரவைச் செயலர்

மேலே சொன்னதை ஏற்கிறேன்; நாப்கின் திட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். நாங்களும் வழங்கினோம், வரிசையில் நிற்க வைத்துப் படமும் எடுத்தோம். வாங்கியவர்களில் ஒருவர், பயன்படுத்தியதை எங்கே போடுவது, மாற்றிக்கொள்ளக் கதவுள்ள கழிப்பறை எங்கே என்று கேட்டபோதுதான், நாங்கள் யாரையும் எதுவும் கேட்காமலேயே சேவை செய்யக் கிளம்பியது உறைத்தது. முதலில் சென்று கேளுங்கள். கேமராவை விடுதியிலேயே வைத்துவிடுங்கள்.

வெளியே போவதற்குமுன் உங்கள் வளாகத்தைப் பெருக்கும் பெண்களையும் நினையுங்கள். ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அந்த மாணவி தன் பெயர் வெளியே தெரியக் கூடாதென்கிறாள். அவள் சார்பில் நானே புகார் எழுதலாமா?

மறுமொழி – சட்டம் கற்பிப்பவர்

உடல் அல்லது மன நிலையால் அவளால் இயலாதபோதுதான் சக மாணவர் புகார் அளிக்கலாம். அச்சம் மட்டும் அதற்குப் போதாது. ஆனால் புகாரை எழுத்தில் வடிக்கக் குழு உதவ வேண்டும். அவளுடைய அடையாளத்தை வெளியிடவும் கூடாது. இவற்றை அவளிடம் சொல்லிவிட்டு, முடிவை அவளிடமே விடுங்கள். அவள் வேண்டாமென்றால் பேரவைக் கூட்டத்தில்கூட இதைப் பற்றிப் பேசாதீர்கள்.