ரவென்னாவுல தாந்தே கல்லறை: எங்க குடும்ப குரூப்ல இருந்து

நான்: இத்தாலில ரவென்னா வந்துட்டேன் எல்லாரும் கவலைப்படாதீங்க, பொலோன்யாவுல இருந்து ரயில்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல அவ்ளோதான். இப்ப தாந்தே கல்லறை வாசல்ல நிக்கிறேன், போட்டோ பாருங்க

சித்தி: இதுவாடி? இவ்ளோ பெரிய கவிஞர்னு சொன்ன, நான் பெரிய மண்டபமா இருக்கும்னு நெனச்சேன்

நான்: சின்னதுதான் சித்தி. 1780ல கட்ட ஆரம்பிச்சது, சந்து முனையில வெள்ளையா, மேல ஒரு குட்டி குவிமாடம். டிக்கெட் கிடையாது, சும்மா உள்ள போகலாம். சுத்தி சத்தம் போடக்கூடாதுன்னு போர்டு வெச்சிருக்காங்க, எல்லாரும் மெதுவாதான் பேசுறாங்க

அண்ணன்: அவர் ஃப்ளோரன்ஸ்காரர் இல்லையா? அங்க சாந்தா க்ரோச்சே சர்ச்ல அவர் கல்லறைய நான் பாத்தேனே

நான்: அது காலி அண்ணா!! 1829ல கட்டி வெச்சாங்க, உள்ள ஒண்ணும் இல்ல. அந்த ஊரு அவர 1302ல துரத்திடுச்சு, திரும்பி வந்தா உயிரோட எரிப்போம்னு தீர்ப்பு வேற. கடைசில இந்த ஊர்ப் பிரபு கூப்பிட்டு வெச்சுக்கிட்டாரு, அவருக்காக வெனிஸ்க்குத் தூது போயிட்டு வரப்ப மலேரியா வந்து 1321 செப்டம்பர்ல இங்கயே போயிட்டாரு

அப்பா: அவர் எலும்பைக் கேட்டு ஃப்ளோரன்ஸ் சண்டை போட்டதுன்னு எங்கயோ படிச்ச ஞாபகம்மா.

நான்: ஆமாப்பா அதான் சொல்ல வந்தேன். 1519ல போப் பத்தாம் லியோ, அவரும் ஃப்ளோரன்ஸ் மெதிச்சி குடும்பம்தான், எடுத்துட்டுப் போங்கன்னு அனுமதி குடுத்துட்டாரு, மைக்கேலாஞ்சலோ கூட நான் கல்லறை செஞ்சு தரேன்னு கையெழுத்து போட்டாரு, ஆனா வந்து திறந்தா பெட்டி காலி! பக்கத்து மடத்து பிரான்சிஸ்கன் துறவிங்க சுவத்துல ஓட்டை போட்டு முன்னாடியே எடுத்து ஒளிச்சிட்டாங்க

சித்தி: அய்யோ. அப்புறம் கெடச்சுதா?

நான்: 1865ல சித்தி! அவரோட 600வது பிறந்த வருஷத்துக்கு ரிப்பேர் வேலை பாக்குறப்ப ஒரு கொத்தனார் சுவத்த உடைச்சாரு, உள்ள மரப்பெட்டி, மேல தாந்தே எலும்புன்னு எழுதி 1677ன்னு வருஷம். அத்தன வருஷமா ஜனங்க காலிக் கல்லறையத்தான் கும்பிட்டிருக்காங்க, எனக்கு அத நெனச்சா என்னவோ பண்ணுது

அண்ணன்: மேல தொங்குற விளக்கு?

நான்: அதப் பாத்துதான் நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். அது அணையறதே இல்ல, அதுக்கு ஆலிவ் எண்ணெய் வருஷா வருஷம் செப்டம்பர்ல ஃப்ளோரன்ஸ் கொண்டு வந்து குடுக்கணும். துரத்துன ஊரு எண்ணெய் ஊத்துது, வெச்சுக் காப்பாத்துன ஊரு விளக்கு ஏத்துது. கல்லறை மேல இருக்கிற லத்தீன் பாட்டுல ஃப்ளோரன்ஸ பாசம் கொறஞ்ச தாய்னே எழுதி வெச்சிருக்காங்க

அப்பா: அவர் எழுதின டிவைன் காமெடி காவியத்துல, பாரதீசோ, அதாவது சொர்க்கத்தப் பத்தின பாகம், அதுல 17வது பகுதில ஒரு இடம் உண்டும்மா. அடுத்தவன் ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும், அடுத்தவன் வீட்டுப் படி ஏறி இறங்குறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரிய வரும்னு அவரோட முப்பாட்டனார் அவர்கிட்ட சொல்ற மாதிரி.

அண்ணன்: வெளியூர்ல ரூம் எடுத்துத் தங்கினவன் எவனுக்கும் இத விளக்கிச் சொல்ல வேணாம்ப்பா

சித்தி: எனக்குக் கண்ணு கலங்குது

நான்: சித்தி இங்க தினமும் சாயங்காலம் ஒருத்தர் அவர் கவிதைல ஒரு பகுதி வாசிக்கிறாங்க, அதுக்காக வெயிட் பண்றேன், பத்துப் பதினஞ்சு பேர் வந்தாச்சு, ஒரு பாட்டிம்மா புஸ்தகத்தோட வந்திருக்காங்க

அப்பா: பக்கத்துல ஒரு மண் மேடு இருக்கணுமே, போர்க்காலத்துல எலும்பைப் புதைச்சு வெச்ச இடம். இருந்தா போட்டோ எடும்மா.

நான்: இருக்குப்பா, கொடி படர்ந்து பச்சையா இருக்கு, இந்தாங்க. குண்டு விழும்னு பயந்து புதைச்சிருக்காங்க. பலகைல 1944 மார்ச் 23ல இருந்து 1945 டிசம்பர் 19 வரைக்கும் இங்க பத்திரமா ஓய்வெடுத்தாருன்னு இருக்கு

அப்பா: ஓய்வுன்னே போட்டிருக்கானா?

நான்: ஆமாப்பா. வாசிக்க ஆரம்பிச்சிட்டாங்க, வெச்சிடறேன்