அப்பாவின் தோல் பையில் தங்கிய புகைநாற்றம்

கேள்வி (தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகருக்கு அருகிலுள்ள டொங்காட்டிலிருந்து):
அப்பா வேலைக்கு எடுத்துச் சென்ற தோல் பை, அவர் மறைந்தபின் என்னிடம் வந்துள்ளது. அவருடைய சிகரெட் புகையும், அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டங்களை எரிக்கும்போது வீட்டுக்குள் புகும் புகையும் அதில் ஊறிப்போயிருக்கின்றன. வாசனைத் திரவியம் தெளித்தேன். நாற்றம் இன்னும் மோசமாயிற்று. பையைக் கெடுக்காமல் இதைப் போக்க வழி உண்டா?

மறுமொழி (சாட்ஸ்வொர்த்திலிருந்து):
தங்கையே, திரவியத்தை உடனே நிறுத்துங்கள். அதிலுள்ள ஆல்கஹால் தோலின் நிறத்தையும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். நான் செருப்பும் பையும் தைப்பவன். புகை அதிகமாகத் தங்குவது உள்ளே தைத்த துணியில்தான். ஆகவே அதை வெளியே இழுத்து, மூலை முடுக்கெல்லாம் தூரிகையால் தட்டி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, நிழலில் 2 நாள் காற்றாடத் தொங்கவிடுங்கள். பிறகு மூடி உள்ள ஒரு பெட்டியில் பையைத் திறந்தபடி வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் சமையல் சோடா வைத்து, ஒரு வாரம் மூடிவிடுங்கள். சோடாவைத் தோலின்மேல் தூவ வேண்டாம். தோல் சற்றே அமிலத்தன்மை உடையது, காரத்தன்மை உள்ள சோடா பட்டால் வறண்டு வெடிக்கும்.

மறுமொழி (டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து):
அண்ணன் சொன்னதே சரியான முறை. டர்பன் பக்கத்துக் கோடைப் புழுக்கத்தில் ஈரம் காயாத பையைப் பெட்டிக்குள் மூடினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், குளிர்காலத்தில் செய்யுங்கள். ஆனால் கரும்பு எரிப்பும் அப்போதே நடப்பதால், கரித்துகள் பறக்காத நாளாகப் பார்த்துக் காற்றாட விடுங்கள்.

கேட்டவர்:
நன்றி, அண்ணா. பையின் மூடி மட்டும் சுவேட் தோல் (மேற்பரப்பு வெல்வெட் போல மென்மையாக இருக்கும் தோல்). அதையும் ஈரத்துணியால் துடைக்கலாமா?

மறுமொழி (சாட்ஸ்வொர்த்திலிருந்து):
வேண்டாம், அம்மா. சுவேடில் நீர் பட்டால் கறை நிற்கும். உலர்ந்த தூரிகை மட்டும் போதும்.