பர்தினியின் நீலச் சுவர்கள்: ஃப்ளோரன்ஸ் போனவங்க அனுபவம்

தூரிகை:
இத்தாலியில ஃப்ளோரன்ஸ் போனப்ப, ஊஃபிஸி ஓவியக் கூடத்துல கூட்டத்துல நசுங்கிட்டு, ஆர்னோ ஆத்தைத் தாண்டி ஸ்தெஃபானோ பர்தினி அருங்காட்சியகம் போனேன். ஆள் நடமாட்டமே இல்லை. உள்ளே திரும்பினதும் சுவர் முழுக்க நீலம், அதுமேல வெளிறின பளிங்குச் சிற்பங்கள். கல்லுக்குள்ள இருந்தே வெளிச்சம் வர்ற மாதிரி இருந்துச்சு. வாசல்லயே நின்னுட்டேன். பர்தினி (1836–1922) ஓவியம் படிக்கத்தான் ஃப்ளோரன்ஸ் வந்தார். பிறகு பழம்பொருள் வாங்கி வித்துப் பெரும் பணக்காரர் ஆனார். ஆனா அந்த நீலம் ஓவியன் கண்ணு பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கட்டடத்தையும் சேகரிப்பையும் நகராட்சிக்கு எழுதி வெச்சார். அவங்க சுவர்ல காவி மஞ்சளை அடிச்சுட்டாங்க! 2009ல புதுப்பிச்சுத் திறந்தப்பதான் நீலம் திரும்ப வந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறல.

கல்தச்சன்:
தூரிகை, வெளியே வந்து அண்ணாந்து பார்த்தீங்களா? மாடி ஜன்னல் சட்டமெல்லாம் பக்கத்து ஊரான பிஸ்தோயாவுல இடிச்ச ஒரு தேவாலயத்தோட பலிபீடங்கள். அது தெரிஞ்ச நிமிஷம் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. ஜனங்க மண்டியிட்டு அழுத இடம் அது. கட்டடமே 1881ல அவர் வாங்கின பழைய தேவாலயமும் மடமும்தான். ஜெர்மன் அருங்காட்சியக அதிகாரி வில்ஹெல்ம் போடே பர்தினிகிட்ட நிறைய வாங்கித்தான் பெர்லின் அருங்காட்சியகத்துல சேர்த்தார். போனது போனதுதானே?

விடியல்:
கல்தச்சன் சார், அவர் வாங்கலைன்னா அந்தக் கல்லு எங்கே போயிருக்கும்? மடங்களை அரசாங்கமே மூடிச்சு. ஃப்ளோரன்ஸோட பழைய சந்தைப் பகுதியை 1880கள்ல இருந்து இடிச்சுத் தள்ளினாங்க. உடைஞ்ச தூணையும் கதவையும் காசு கொடுத்து எடுக்க ஆள் இருந்ததே பெரிசு. வித்ததை நான் நியாயப்படுத்தல.

நான் மறக்காதது சிற்பி பியேத்ரோ தாக்கா வார்த்த வெண்கலப் பன்றி. நகரத்துல இப்ப இருக்கற சந்தையில அதோட நகல் மூக்கைத் தடவ அவ்வளவு கூட்டம். இங்கே அசல் முன்னாடி நான் மட்டும்.

போறவங்களுக்கு: வாரத்துல எல்லா நாளும் திறக்கறதில்லை, கிழமை பார்த்துட்டுக் கிளம்புங்க. வரைபடத்துல மொட்சி சதுக்கம்னு தேடுங்க. பொன்தே அல்லே கிராட்ஸியே பாலம் தாண்டினா பக்கம்தான். பர்தினி தோட்டம் வேற, அதுக்குத் தனி டிக்கெட். அவர் 1913ல வாங்கினது. ஏப்ரல் கடைசியில விஸ்டீரியா கொடிப் பந்தல் ஊதாவாப் பூத்துக் கிடக்கும். கீழேயிருந்து ஏறினா மூச்சு வாங்கும். கோஸ்தா சான் ஜோர்ஜோ பக்கம் மேல் வாசல்ல நுழைஞ்சு இறங்குங்க. பெரியவங்களைக் கூட்டிப் போனா தண்ணி பாட்டில் கையில இருக்கட்டும்.