"பாம்பு பிடிக்கத் தெரியுமா?": சாதிச் சான்றிதழுக்கு அலைந்த கதை

சென்னையில் பழங்குடி மக்களுக்காக வேலை செய்யும் சங்கங்களோடு பழக்கம் உள்ளவர்கள், பார்த்ததை எழுதுங்கள். முதலில் என் கதை.

போன வருஷம் ஜூனில் இருளர் பழங்குடிச் சங்கத்து அண்ணன் ஒருவர் போன் செய்தார். "சார், உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்ல, ஒரு நாள் லீவு போட்டுட்டு வாங்க." பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். ஓ.எம்.ஆர். பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் பதினோரு குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பிக்க வேண்டுமாம்.

எஸ்.டி., அதாவது பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தை ஏற்றுவது அரை மணி நேர வேலை. அப்பாவின் சான்றிதழைக் கேட்கும் இடத்தில்தான் வண்டி நின்றுவிடும். அப்பாவுக்கு இருந்திருந்தால் பிள்ளை ஏன் இப்படி அலையப் போகிறான்?

அண்ணனின் மஞ்சப்பையில், மழைக்குப் பால் கவரில் சுற்றிய ஒரு நோட்டு இருந்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று எந்தக் குடும்பம் எங்கே பெண் எடுத்தது, யார் யாருக்குப் பங்காளி என்று கோடு கோடாக இழுத்து வைத்திருந்தார். பிளஸ் டூ முடித்துவிட்டு ஏ.சி. மெக்கானிக்கிடம் கையாளாக இருந்த ஒரு பையனின் பெயரிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போய், திருத்தணியில் நிறுத்தினார். "இவன் பெரியப்பா மகனுக்கு வாங்கியிருக்கோம் சார். அது கிடைச்சா போதும்." அதன் நகலைத் தேடிப் பிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

விசாரணைக்கு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பையன் சட்டையை இன் செய்துகொண்டு வந்திருந்தான். அங்கிருந்தவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "பாம்பு பிடிக்கத் தெரியுமா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. "சார், 1972ல வனவிலங்குச் சட்டம் வந்துச்சு. பாம்பைத் தொட்டா கேஸுன்னாங்க. இவன் தாத்தா தொழிலை விட்டுட்டு அரிசி மில்லுக்குப் போனாரு. இப்ப பிடிச்சுக் காட்டினாத்தான் இருளர்னா, கேஸ் போட மாட்டோம்னு ஒரு லெட்டர் குடுங்க, இப்பவே பிடிக்கச் சொல்றேன்."

அந்த அதிகாரி சிரிக்கவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. ஃபைலைத் திரும்ப வி.ஏ.ஓ.வுக்கு அனுப்பினார். அந்த விசாரணையில் அக்கம்பக்கத்தார் "இவங்க வில்லிங்கதானே" என்று சொல்ல, அறிக்கையில் அப்படியே 'வில்லியர்' என்று எழுதிவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் இருளரை ஊர் கூப்பிடும் பெயர் அது. அரசின் பழங்குடிப் பட்டியலில் இருப்பதோ 'இருளர்'. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

ஆவடியிலிருந்து:

நான் இரண்டு வருஷம் ஒரு நரிக்குறவர் குடியிருப்பில் மாலை வகுப்பு எடுத்தேன். அவர்கள் 2023 ஜனவரி வரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தவர்கள். அதற்கப்புறம்தான் சட்டத் திருத்தத்தால் பழங்குடிப் பட்டியலுக்கு வந்தார்கள். கையில் இருந்த பழைய சான்றிதழ் அன்றோடு செல்லாக்காசு. நீங்கள் சொல்லும் அதே வரிசையில் அவர்களும் நின்றார்கள்.

கார்த்திகை வந்தால் என் வகுப்பில் பாதி காலி. திருவண்ணாமலை தீபத்துக்குப் பாசிமணி விற்க அப்பா அம்மா கிளம்பினால் பிள்ளைகளும் கூடவே போய்விடும். நான் போவதற்கு முன்பே யார் யாரோ வந்து மூன்று முறை ஸ்கூல் பை கொடுத்திருந்தார்கள், மூன்று முறையும் பேனர் கட்டி போட்டோவோடு. ஒரு அம்மா என்னிடம் சொன்னது: "பை போதும் சாமி. நாங்க ஊருக்குப் போற பத்து நாளைக்கு ராத்திரி புள்ளைங்களுக்குத் துணையா படுத்துக்க ஒரு ஆள் குடுங்க." எங்கள் குழுவில் இதற்கு ஆள் சேர்க்க ஒரு வருஷம் ஆனது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

திருவான்மியூரிலிருந்து:

பாம்பு பற்றி ஒரு வார்த்தை. பிடிக்கத் தெரிந்த இருளர்களுக்கு கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978ல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்து, விஷம் எடுத்து, காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. அங்கே உறுப்பினர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃப்ளோரிடா வரை போய் வந்தவர்கள். ஆனால் அது சில நூறு பேருக்கான தொழில். ஏ.சி. மெக்கானிக் பையனை அங்கே கொண்டுபோய் நிறுத்த முடியாது.

முதலில் எழுதியவர்:

"அப்புறம் என்ன ஆச்சு" என்று கேட்டவர்களுக்கு: பதினோரு குடும்பத்தில் ஏழு குடும்பத்துக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. அந்தப் பையனுக்கு வந்தபோது கல்லூரி அட்மிஷன் முடிந்திருந்தது. இந்த வருஷம் சேர்ந்திருக்கிறான். மீதி நான்கு குடும்பம் இன்னும் நிலுவையில்.

என்ன உதவி செய்யலாம் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: பழைய துணி வேண்டாம். ஏற்கெனவே ஒரு அறை நிறையக் கிடக்கிறது. அண்ணனின் நோட்டை ஸ்கேன் செய்து, தட்டச்சு செய்ய இரண்டு பேர் வேண்டும். நோட்டை வெளியே கொடுத்தனுப்ப மாட்டார். ஞாயிற்றுக்கிழமை அங்கேயே உட்கார்ந்து செய்ய வேண்டும்.