பிளாச்சிமடையை மூடியது பஞ்சாயத்தா?

வண்டித்தாவளம் கதிர்:
கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துப் பிளாச்சிமடை கோகோ கோலா ஆலையைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "இயற்கை வாழ்வுக் குழுக்களே, பிளாச்சிமடையைப் பாருங்கள். பஞ்சாயத்து மனசு வைத்தது, கோலா கம்பெனி மூடியது. நீங்களும் முதலில் பஞ்சாயத்தைக் கையில் எடுங்கள்" என்கிறார். 2000இல் அந்தக் கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்ததே அந்த ஊர் அடங்கிய பெருமாட்டி பஞ்சாயத்துதான்! நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, கிணற்றுத் தண்ணீரைக் கெடுக்கிறது என்று கம்பெனி வாசலில் மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தது 2002 ஏப்ரலில். லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று பஞ்சாயத்து சொன்னது 2003 ஏப்ரலில். நடுவில் இருக்கும் ஒரு வருஷத்தைச் சுமந்தது யார்?

கொழிஞ்சாம்பாறை மணி:
எழுதியது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். பந்தலில் எத்தனை வருஷம் உட்கார்ந்தாலும் கையெழுத்துப் போட அதிகாரம் வேண்டும். கோர்ட்டில் நின்றது பஞ்சாயத்து. உங்கள் குழு விதைத் திருவிழா நடத்தி போட்டோ போடுவதோடு சரி.

வண்டித்தாவளம் கதிர்:
கையெழுத்து 2003, பந்தல் 2002. கிணற்றுத் தண்ணீர் குடித்தால் கசக்குது, குளித்தால் அரிக்குது என்று முதலில் சொன்னது மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள். குழு நடத்துகிறவர்களுக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது. போன மாசம் உங்கள் மழைநீர்க் கூட்டத்துக்கு வந்தேன். தண்ணீர் சுமக்கிற பெண் ஒருத்தி கூட மேடையில் இல்லை. வந்திருந்த குடும்பஸ்ரீ (கேரளப் பெண்கள் சுய உதவிக் குழு) அக்காமார் பின்னால் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கிணறு எப்போது வற்றும் என்று அவர்களைக் கேட்காமல் எங்கே குழி வெட்டப் போகிறீர்கள்?

வேலந்தாவளம் ஜோதி:
மணி அண்ணா, கையெழுத்து கையெழுத்து என்கிறீங்களே, 2005இல் கேரள ஹைகோர்ட் பெஞ்ச் கம்பெனி தினம் 5 லட்சம் லிட்டர் நிலத்தடி நீர் எடுக்கலாம் என்று சொன்னதே, அப்போது அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? கம்பெனியால் 216.25 கோடி ரூபாய் நஷ்டம் என்று 2010இல் கேரள அரசின் கமிட்டி சொல்லி, 2011இல் சட்டசபை இழப்பீட்டுக்கான மசோதாவும் நிறைவேற்றியது. ஜனங்கள் கைக்கு என்ன வந்தது? அப்புறம், தமிழ்நாட்டிலிருந்து ஆழியாற்றில் நம் கேரளத்துக்கு உரிய 7.25 டிஎம்சி ஒழுங்காக வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆனைமலை விவசாயி:
ஆழியாற்றை இழுக்காதீங்கம்மா. இங்கே எங்கள் தென்னையே காய்ந்து கிடக்குது. கள்ளு இறக்கத் தோப்பு வளர்த்துவிட்டு எங்கள் தண்ணீரைக் கேட்பீங்களா?

வேலந்தாவளம் ஜோதி:
கள்ளைப் பற்றி யார் பேசினது? 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர் ஒப்பந்தத்தில் உங்கள் தமிழ்நாட்டு சர்க்காரும்தான் கையெழுத்துப் போட்டிருக்குது.

வண்டித்தாவளம் கதிர்:
ஆழியாற்றுக்குத் தனியாகத் திரி தொடங்குங்கள். மணி சார் இன்னும் பதில் சொல்லவில்லை. 2002 ஏப்ரல் முதல் 2003 ஏப்ரல் வரை.

கொழிஞ்சாம்பாறை மணி:
டீ கிளாஸ் கணக்குக்கெல்லாம் பதில் சொல்ல நேரமில்லை. கம்பெனி 2004 மார்ச்சில் மூடியது. பஞ்சாயத்து ஒதுங்கி நின்றிருந்தால் மூடியிருக்குமா?

வண்டித்தாவளம் கதிர்:
பந்தல் இல்லாவிட்டால் பஞ்சாயத்து அசைந்திருக்குமா? 2002, சார்.

கொழிஞ்சாம்பாறை மணி:
2003.