கோயில் மண்டபத்தில் திரையிட ஒரு மர்மப் படம் வேண்டும்

லயத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட், மலேசியா:
அனைவருக்கும் வணக்கம். தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த பிறகும், மாதம் ஒரு சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் கூடிப் படம் பார்க்கும் வழக்கத்தை நாங்கள் விடவில்லை. அடுத்த முறை மர்மப் படம் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஆனால், பாயில் பத்து வயதுப் பிள்ளைகளும் நாற்காலியில் எண்பதைத் தாண்டிய பாட்டிகளும் அமர்ந்திருக்கும் இடத்தில் இரத்தம் தெறிக்கும் படத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. கொலையாளி யார் என்று கடைசி வரை ஊகிக்க முடியாத தமிழ்ப் படம் ஒன்றைச் சொல்லுங்கள். முடிச்சை மட்டும் இங்கே அவிழ்த்துவிடாதீர்கள்.

பழைய கிராணி:
வணக்கம் தம்பி. 'அந்த நாள்' படத்தைப் போடுங்கள். 1954இல் ஏவி.எம். தயாரிக்க, வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கிய இந்தப் படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. வானொலிப் பொறியாளராக வரும் சிவாஜி கணேசன் இறந்துவிடுகிறார். மனைவி, உடன்பிறந்தவர், அண்டை வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் விசாரணையில் பேசப் பேச, 'இவராகத்தான் இருக்கும்' என்று நாம் எடுத்த முடிவை அடுத்தவரின் வாக்குமூலம் கலைத்துவிடும்.

நான் இதை முதலில் பார்த்தது தோட்டத்துத் திடலில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணியில். காற்றடிக்கும்போதெல்லாம் சிவாஜியின் முகம் மடிந்து மடிந்து விரியும். கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட நாள்களில். அதே அக்டோபரில்தான், நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்த, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட சயாம் மரண இரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அதற்குப் போன என் பெரியப்பா திரும்பவே இல்லை. திரையில் குண்டுவீச்சைப் பற்றிய பேச்சு வந்ததும் என் அப்பா எழுந்து திடலின் ஓரத்துக்குப் போய், படம் முடியும்வரை அங்கேயே நின்றுகொண்டு பார்த்தார். கொலைக்கான காரணமும் அந்தப் போரோடு பிணைந்தது. இதற்கு மேல் சொன்னால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

ஈப்போ ஆசிரியை:
கிராணி ஐயா சொன்னதையே நானும் சொல்வேன், சற்றுத் தயங்கிய பிறகு. முதலில் என் நினைவுக்கு வந்தது கார்த்திக் நரேனின் 'துருவங்கள் பதினாறு' (2016). ஓய்வு பெற்ற காவல் அதிகாரி ஒருவர் மழை இரவில் நடந்த பழைய வழக்கை நினைவுகூர்கிறார். நாம் கண்ணால் பார்த்துவிட்டோம் என்று நம்பிய காட்சிகளுக்கே பிறகு வேறு பொருள் கிடைக்கிறது. திருப்பம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்: புதிய ஆள் ஒருவரைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தாமல், முன்பே காட்டியதை வைத்தே நம்மை ஏமாற்ற வேண்டும். ஆனால் நடுவில் தேநீர் எடுக்க எழுந்தவர்களுக்கு அந்தப் படம் பிடிபடாது, மண்டபத்தில் எழாதவர்கள் குறைவு. சிங்கப்பூரிலிருந்து திரும்பும் கப்பலில் தொடங்கும் 'புதிய பறவை' (1964) எனக்கு உயிர். எனினும் அதன் முடிவு பெரியவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம், பக்கத்திலிருக்கும் பேரனிடம் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

ஒயர்மேன் மகன்:
அண்ணா, 'அந்த நாள்' முழுக்க முழுக்க வசனத்தால் நகரும் படம். மண்டபத்துச் சுவரில் எதிரொலி மிகுதி என்பதால், ஒலிபெருக்கியைத் திரைக்குக் கீழே வைத்து, மின்விசிறிகளில் பாதியை நிறுத்திவிடுங்கள். முடிவுக்குச் சற்று முன்னால் படத்தை நிறுத்தி, ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் கொலையாளியின் பெயரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் கடைசிவரை தூங்க மாட்டார்கள்.

லயத்துப் பிள்ளை:
அனைவருக்கும் நன்றி. 'அந்த நாள்' என்றே முடிவு செய்துவிட்டோம். ஜப்பான்காரன் காலத்துக் கதை என்றதும், இதுவரை ஒரு திரையிடலுக்கும் வராத என் பாட்டி தமக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார். கிராணி ஐயா, தங்களால் ஈப்போ சாலை வழியாக வர முடிந்தால், பாட்டிக்குப் பக்கத்திலேயே தங்களுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன்.